வீட்டுப்பாடமும் 555 நோட்டும்

(நம் சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலவையினர் கேட்டுக்கொண்டார்கள். முதலில் இது மிகச் சிறிய விஷயமாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தபோது, நம் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் கேட்கும் சத்தத்தில் பாதி இதனால் வருகிற சத்தம்தான் என்பது புரிந்தது. அம்மாவின் கோபம், பிள்ளையின் அழுகை, "உங்கள் மகனை நீங்களே பாருங்கள்" என்று கணவனிடம் வரும் புகார், எல்லாம் அந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சுற்றித்தான்.

மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் இந்த உரையைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதினோம். அதனால் "நாங்கள்" என்றே பேசுகிறோம். நாங்கள் ஆசிரியர்கள் அல்ல. கடை வைத்திருப்பவர்கள். எங்களுக்குத் தெரிந்த கல்வி முறை ஒன்றே ஒன்றுதான்: அன்றாடக் கணக்கை அன்றாடம் எழுதுவது. அதையும் அத்தாவிடமிருந்து கற்றோம்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் பின் தோட்டமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு தோட்டத்து முனையில் அத்தாவின் மளிகைக் கடை இருந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, சவர்க்காரம், வெற்றிலை எல்லாம் கிடைக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டுகிறவர்கள். பொருள் இன்று, பணம் சம்பள நாளில். ஆளுக்கு ஒரு 555 நோட்டு. சட்டைப்பையில் அடங்குகிற அந்தச் சின்னக் கடன் புத்தகத்தை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறோம்: மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோருடைய கடைக் கடனும் இந்த நாட்டில் அந்த நோட்டில்தான் எழுதப்பட்டது.

இஷா தொழுதுவிட்டு வந்ததும் அத்தா கடைக்குள் பாய் விரித்து உட்காருவார். அன்று கொடுத்த கடனையெல்லாம் அன்றே பெரிய ஏட்டில் பெயர்வாரியாக ஏற்றுவார். காய்ச்சலாக இருந்தாலும், ஊரிலிருந்து விருந்தாளி வந்திருந்தாலும் அந்த வேலை நிற்காது. "இன்றைய கணக்கை நாளைக்கு எழுதினால் அது கணக்கில்லை, கதை" என்பார். அந்த நேரத்தில் பிள்ளைகளாகிய நாங்களும் எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு அதே பாயில் உட்கார வேண்டும். அத்தாவுக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. எங்கள் பாடம் சரியா தவறா என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாளும் அதைக் கேட்டதும் இல்லை. அவர் தம் வேலையைச் செய்வார், நாங்கள் எங்கள் வேலையைச் செய்வோம். ஏட்டை மூடும்போது ஒரே ஒரு கேள்விதான்: "பாக்கி இருக்கா?" இல்லை என்று சொன்னால் சோறு. இருக்கிறது என்றால் அவரும் கூடவே உட்கார்ந்திருப்பார்.

இன்று நாங்கள் சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. பெற்றவர்களுக்கு விடை தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. நேரத்தைக் காப்பாற்றத் தெரிய வேண்டும்.

தோட்டத்தின் பழைய கதையைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் என்றால் பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். வாத்தியார் கிடைக்காத இடத்தில் தோட்டத்துக் கிராணியோ கங்காணியோ பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பெற்றோர் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. பின்னாளில் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் வந்தது. மாலையில் சில மணி நேரம் மட்டும் வெளிச்சம், அதற்குப் பிறகு இருட்டு. லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சமே மணி அடித்த மாதிரி. விளக்கு எரியும்போது எழுதி முடிக்காவிட்டால் எழுத முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத தாய் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அந்த லயங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், மருத்துவர்கள் வந்தார்கள், வழக்கறிஞர்கள் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. வந்ததைவிட விழுந்தவர்கள் அதிகம் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உட்கார வைத்தாள்."

இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நீலாயிலும் லாபுவிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நாமும் தாமான்களுக்கு வந்துவிட்டோம். இருபத்து நான்கு மணி நேரமும் வெளிச்சம். உட்கார வைப்பதுதான் குறைந்துவிட்டது.

இதைப் பிறருக்குச் சொல்லும் தகுதி எங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தகுதியால் வரவில்லை, தவற்றால் வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போனால் இந்த உரை உண்மையாக இருக்காது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எங்கள் மூத்த மகன் அப்போது இரண்டாம் ஆண்டு. பள்ளி வீட்டுக்கு வந்தது, வீட்டுப்பாடம் கைப்பேசிக்கு வந்தது. காலையில் புலனக் குழுவில் ஆசிரியை பக்க எண்ணை அனுப்புவார். மாலைக்குள் எழுதியதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடை அத்தியாவசியக் கடை என்பதால் திறந்திருந்தது. வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவதும் சரக்கு வருகிறதா என்று பார்ப்பதுமாகப் பகல் போய்விடும். மாலையில் குழுவைத் திறந்தால் மற்ற பெற்றோர்கள் எல்லோரும் படம் அனுப்பியிருப்பார்கள். எங்கள் மகன் பெயர் மட்டும் பாக்கியில் நிற்கும். அது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே நாங்கள் ஒரு குறுக்கு வழி கண்டோம். விடையை நாங்கள் சொல்வோம், அவன் எழுதுவான். நேரம் போதாத நாளில் பென்சிலால் நாங்களே மெல்லமாக எழுதிவிடுவோம், அவன் அதன்மேல் எழுதுவான். பத்து நிமிடத்தில் படம் போய்விடும். ஆசிரியையிடமிருந்து நட்சத்திரமும் வந்துவிடும். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் டிப்ளோமா வரை படிப்பு இருக்கிறது. ஆரம்பப்பள்ளிக் கணக்கு எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அத்தாவுக்கு விடை தெரியாததால் எங்களுக்கு அவர் செய்து கொடுக்க முடியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததால் மகனுக்குச் செய்து கொடுத்துவிட்டோம். தெரிந்ததே இடைஞ்சலாகப் போய்விட்டது.

2021 அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தன. அவன் மூன்றாம் ஆண்டு. சில வாரங்களில் ஆசிரியை எங்களை அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. அவனுடைய பழைய பயிற்சிப் படங்களையும் வகுப்பில் அவன் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 96ஐ 4ஆல் வகுக்க வேண்டும். படத்தில் 24 என்று அழகாக இருந்தது. வகுப்பு நோட்டில் கேள்வியை மட்டும் எழுதிவிட்டுக் கீழே காலியாக விட்டிருந்தான். அடுத்த கேள்வியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

அன்று இரவு அவனை உட்கார வைத்து நோட்டைத் திறந்தோம். அவன் பென்சிலை எடுக்கவில்லை. எங்கள் கைப்பேசியை எடுத்து நீட்டி, "படம் எடுங்கத்தா" என்றான். கிண்டல் செய்யவில்லை. வீட்டுப்பாடம் என்றால் படம் எடுப்பதுதான் என்று உண்மையாகவே நினைத்திருந்தான். ஒன்றரை ஆண்டில் அவனுக்கு நாங்கள் கற்றுக் கொடுத்த பழக்கம் அதுதான். அந்த இரவில் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தலையசைப்பவர்களை இங்கிருந்தே பார்க்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு 2019இலேயே நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு வந்துவிட்டது. 2021இல் யூபிஎஸ்ஆர் நின்றது. 2022இல் பிடி3 நின்றது. தேர்வுப் பயம் இல்லாமல் பிள்ளை படிக்கட்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் முன்பு நமக்கு ஒரு வசதி இருந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு தாள் வந்து, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று முகத்தில் அறைந்தாற்போல் சொல்லிவிடும். இனி எஸ்பிஎம் வரும் பதினேழு வயது வரை பிள்ளையின் நிலையை விடாமல் காட்டக்கூடியது எதுவென்றால், ஒவ்வொரு நாளும் பையில் வந்து போகிற நோட்டுப் புத்தகம்தான். அதைத் திறந்து பார்க்காதவருக்குப் பதினோரு ஆண்டும் ஏடு மூடியே இருக்கும். வியாபாரிகள் நாம். பதினோரு ஆண்டு கணக்குப் பார்க்காமல் கடை நடத்துவோமா?

சரி, எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு இடைநிலைப்பள்ளி வயதில் நன்றாகத் தெரிகிறது, சின்ன வகுப்புகளில் அவ்வளவாக இல்லை என்பது அதில் வந்த முடிவு. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை அவரும் ஆதரிக்கிறார். முதல் ஆண்டுக்குப் பத்து நிமிடம், மூன்றாம் ஆண்டுக்கு முப்பது, ஆறாம் ஆண்டுக்கு ஒரு மணி. அப்படியானால் சின்னப் பிள்ளையை இரண்டு மணி நேரம் அடித்து உட்கார வைப்பதில் பெரிய லாபம் இல்லை. அந்த வயதில் நாம் சேர்ப்பது புள்ளிகளை அல்ல, பழக்கத்தை. புள்ளி பின்னால் வரும்.

நம் மார்க்கமும் இதே வழியைத்தான் காட்டுகிறது. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் நற்செயல்தான் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழியை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். பிள்ளைக்குத் தொழுகையை ஏழு வயதில் ஏவச் சொன்னார்கள். கண்டிப்பு பத்து வயதில்தான். இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. நாளைக்கு ஐந்து வேளை என்று வைத்தால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அன்பாகக் கூப்பிட்ட பிறகுதான் கண்டிப்பின் பேச்சே வருகிறது. நம் நாட்டில் முதலாம் ஆண்டில் பிள்ளை நுழைவதும் வழக்கமாக அந்த வயதையொட்டித்தான். தொழுகைக்கே மூன்று ஆண்டு பழக்கம் தேவை என்றால், வீட்டுப்பாடத்துக்கு மூன்று நாளில் பொறுமை இழப்பது நியாயமா?

இனி நடைமுறைக்கு வருவோம். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன மாற்றினோம் என்பதை மட்டும் சொல்கிறோம். உங்கள் வீட்டுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். நம் பிள்ளைகளின் நாள் மற்றப் பிள்ளைகளின் நாளைவிட நீளம். காலையில் பள்ளி, மதியத்துக்குப் பிறகு காஃபா வகுப்பு, மாலையில் குர்ஆன் ஓதல். "ஆறு மணிக்கு உட்கார்" என்று கடிகாரத்தைக் காட்டி வைத்த ஏற்பாடு எங்கள் வீட்டில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சரக்கு லாரி வந்தால் ஆறு ஏழாகிவிடும். பிறகு அதைத் தொழுகையோடு கட்டினோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நம் ஊரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. லாரி வந்தாலும் மழை பெய்தாலும் மஃரிப் வராமல் இருக்காது. தொழுத பாயை மடித்ததும் நோட்டைத் திறப்பது என்று வைத்தோம். அந்த நேரத்தில் ஓதப் போகும் பிள்ளைகளுக்கு இஷாவுக்குப் பின் அரை மணி என்று வைக்கலாம். எந்த நேரம் என்பது பெரிதல்ல. தினமும் அதே நேரம் என்பதுதான் பெரிது.

அடுத்தது இடம். தனி அறையும் மேசையும் எல்லோருக்கும் வாய்க்காது. எங்களுக்கும் வாய்க்கவில்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் பால் டின் பெட்டிகளை நகர்த்தி ஒரு சின்ன மேசை போட்டோம். தொலைக்காட்சிச் சத்தம் கேட்காத மூலை, எப்போதும் ஒரே மூலை. பென்சில், அழிப்பான், அடிக்கோல் மூன்றும் ஒரு டின்னில். அழிப்பானைத் தேடி எழுந்த பிள்ளை அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வருவான் என்பது உங்களுக்கும் தெரியும்.

கைப்பேசி அந்த மேசைக்கு வரக்கூடாது. பள்ளியின் புலனக் குழுவை நாங்கள் ஒருமுறை பார்ப்போம். அன்றைய பாடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். பிறகு கைப்பேசி கல்லாப்பெட்டிக்குள் போய்விடும். பிள்ளையினுடையது மட்டுமல்ல, எங்களுடையதும்தான். அத்தா கணக்கு எழுதும்போது நாங்கள் எழுதினோம். நாம் காணொளி பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை எதைச் செய்வான்?

எல்லாவற்றிலும் கடினமானது விடை சொல்லாமல் இருப்பது. வாயில் வந்த விடையை விழுங்குவது நோன்பு மாதிரி. "எனக்குத் தெரியலை" என்று அவன் சொன்னால் நாங்கள் மூன்று கேள்விதான் கேட்போம். கேள்வி என்ன சொல்கிறது? இதுபோல வகுப்பில் எதைச் செய்தீர்கள்? எது வரைக்கும் உனக்கு வருகிறது? பாதி நாட்களில் மூன்றாவது கேள்விக்குள் அவனே "ஓ" என்று சொல்லிவிடுவான். அப்படியும் வராவிட்டால், "இது வரை வருகிறது, இதற்கு மேல் புரியவில்லை" என்று அந்த இடத்திலேயே அவனை எழுத வைத்து அனுப்பிவிடுகிறோம். தப்பாக எழுதியதையும் அழித்துத் திருத்தி அழகு பண்ணுவதில்லை. அந்தத் தப்பு ஆசிரியைக்கு வேண்டும். வைத்தியரிடம் போகும் முன் காய்ச்சலை மறைத்தால் மருந்து எப்படிக் கிடைக்கும்?

இங்கே தாய்மார்கள் சிலர், "எங்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும், பிள்ளை தேசியப்பள்ளியில் படிக்கிறான், புத்தகமெல்லாம் மலாய், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் வேலை எளிது என்போம். "இன்றைக்கு என்ன படித்தாய், அதைத் தமிழில் எனக்குச் சொல்" என்று கேளுங்கள். புரியாததை யாராலும் இன்னொரு மொழியில் சொல்ல முடியாது. பிள்ளை தடுமாறுகிற இடம்தான் அவனுக்குப் புரியாத இடம். உஸ்தாத் புதுப் பாடம் கொடுக்கும் முன் நேற்றைய பாடத்தை ஓதச் சொல்லிக் கேட்கிறார் அல்லவா? அதே முறைதான். போனால் போகட்டும் என்று விட்டுப்போன தமிழும் அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பி வரும்.

வேலை நேரம் ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிற தாய் எப்படி உட்காருவாள்? அவளுக்குப் பதிலாகப் பாட்டி உட்காரலாம், மூத்த பிள்ளை உட்காரலாம். யார் உட்கார்ந்தாலும் மறுநாள் காலையில் பையைத் திறந்து பார்த்து, நோட்டில் ஒரு கையெழுத்துப் போடுவது தாய் தந்தையின் வேலை. அரை நிமிட வேலை அது. அந்தக் கையெழுத்தைத் தேடிப் பார்க்கும் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மகள் நோட்டில் ஒரு பக்கத்தின் ஓரம் மஞ்சள் கறையாக இருந்தது. ஏன் என்று பார்த்தால், அண்ணன் எழுதும்போது யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. அவள் எழுதும்போது "வெங்காயம் உரிச்சுக் கொடு", "தம்பியைப் பிடி" என்று மூன்று முறை எழுப்பியிருக்கிறோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, வழக்கமாகிவிட்டது. வீட்டு வேலை செய்யட்டும், அண்ணனும் சேர்ந்தே செய்யட்டும். ஆனால் அந்த அரை மணி நேரம் அவளுக்கும் அண்ணனுக்கு உள்ளதைப் போலவே கட்டிக் காக்கப்பட வேண்டும்.

இத்தனையும் செய்து பலன் என்ன என்று கேட்பீர்கள். மகன் வகுப்பில் முதல்வன் ஆகிவிடவில்லை. முதல் மாதம் அழுதான். நாங்களும் இரண்டு முறை பொறுமை இழந்து கத்தினோம். வகுத்தல் கணக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. ஆனால் ஒரு நாள் கடைக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது. அரிசி மூட்டைகளைத் தூக்கி அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது இரவு பத்து மணி. அவனை யாரும் உட்கார வைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பார்த்தால், தண்ணீர் வராத படிக்கட்டில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போயிருந்தான். நோட்டில் இரண்டு கணக்கு தப்பு. எங்களுக்கு அது போதும். அந்தத் தப்பு முழுக்க அவனுடையது.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உட்கார இடமே இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்கள், ஒரே அறையில் ஆறு பேர் படுப்பவர்கள், அத்தாவை இழந்த பிள்ளைகள். 1982இல் டாக்டர் தம்பிராஜா அவர்கள் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், தோட்டத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் கூடி உட்கார்ந்து படிக்க ஒரு வழக்கத்தையே உண்டாக்கியதை நாடறியும். அது சகோதர சமயத்தார் எடுத்த முயற்சி. அதிலிருந்து கற்றுக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை. நமக்கு மத்ரஸா மண்டபம் இருக்கிறது, விளக்கும் விசிறியும் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு இரவு, இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் அதைத் திறந்து வையுங்கள். டியூஷன் வேண்டாம், சம்பளத்துக்கு ஆசிரியர் வேண்டாம். பிள்ளைகள் தங்கள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து எழுதட்டும். பெரியவர் ஒருவர் தம் ஓதலையோ கணக்கையோ வைத்துக்கொண்டு கூட உட்கார்ந்திருந்தால் போதும். திங்கட்கிழமை இரவுக்கு நாங்கள் பொறுப்பு. அன்று கடையை எட்டு மணிக்கே அடைத்துவிடுகிறோம். இன்னொரு இரவுக்கு இந்தச் சபையிலிருந்து ஒருவர் கை தூக்கினால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

அத்தா மவுத்தான பிறகு அவருடைய பழைய ஏடுகளைப் பிரித்துப் பார்த்தோம். தோட்டத்தை விட்டுப் போனவர்களின் பக்கங்கள் சிலவற்றில் பாக்கி அப்படியே இருந்தது. மேலே குறுக்காக ஒரு கோடு போட்டு, மன்னித்ததாக எழுதி வைத்திருந்தார். ஊரார் கடனை மன்னித்த அந்த மனிதர் எங்கள் வீட்டுப்பாடத்தில் ஒரு நாள் பாக்கியைக்கூட விட்டதில்லை. எந்தக் கடனைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பிள்ளைகளோடு தினமும் அரை மணி நேரம் உட்காருவது நாம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. இந்த ஐம்பதாம் ஆண்டில் அதைக் கொடுக்கத் தொடங்குவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நமக்குப் பொறுமையையும் தருவானாக. இந்தச் சங்கத்தைத் தொடங்கி மறைந்த முன்னோர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.